நடுவர் இருக்கை: இந்திய அமைதிப் படையும் அதன் அனைத்துலகப் பின்விளைவுகளும்

அடையாறு கடலோடு கலக்குமிடத்துக்குச் சற்றுத் தெற்கே, பெசன்ட் நகரின் விளிம்பில், ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு உள்ளது. அதன் பெயருக்குரிய கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் அமெரிக்கர். பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவர். சபையின் தலைமையகத்தை 1882இல் அடையாற்றுக்குக் கொணர்ந்தவர். பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்காக இப்பகுதியில் இலவசப் பள்ளி கண்டவர். குப்பத்தின் பெயரை நாள்தோறும் சொல்லும் சென்னைவாசிகள் பலர் அம்மனிதரை அறியார். கொழும்பில் நிலை வேறு. அங்கே கோட்டை ரயில் நிலையத்தின் முன்னே அவருக்குச் சிலை நிற்கிறது. 1880இல் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்று, பௌத்தப் பள்ளிகள் பல எழக் காரணமாயிருந்து, சிங்கள பௌத்த மறுமலர்ச்சிக்கு நீர் வார்த்தவர் அவர். அநகாரிக தர்மபாலர் இளமையில் அடையாற்றுக்கு வந்ததும் இத்தொடர்பினாலேயே. அம்மறுமலர்ச்சி பிற்காலத்தில் வேறு கைகளுக்குச் சென்று, தீவு முழுவதும் ஒரே இனத்துக்கும் ஒரே சமயத்துக்கும் உரியது என்னும் அரசியலாகத் திரிந்தது. ஆல்காட் எண்ணிப் பார்த்திராத திரிபு அது.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் இதே பெசன்ட் நகர், அத்தீவின் மற்றொரு தரப்புக்கு இடமளித்தது. விடுதலைப் புலிகளின் அரசியல் ஆலோசகராயிருந்த அன்டன் பாலசிங்கமும் அவர் மனைவி அடேலும் 1980களின் நடுவில் இங்கே ஒரு வீட்டில் குடியிருந்தனர். 1985 டிசம்பரில் அவ்வீட்டில் குண்டு வெடித்தது. இருவரும் உயிர் தப்பினர். அதே ஆண்டு ஆகஸ்டில், பூட்டான் தலைநகர் திம்புவில் நடந்த பேச்சுவார்த்தை முறிந்தபோது, பாலசிங்கம், சத்தியேந்திரா, சந்திரகாசன் ஆகிய மூவரையும் நாட்டைவிட்டு வெளியேற்ற இந்திய அரசு ஆணையிட்டிருந்தது. தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பால் அவ்வாணை பின்னர் விலக்கப்பட்டது. புகலிடம் தந்த அரசே நாடு கடத்துகிறது. நாடு கடத்திய அரசே திரும்ப அழைக்கிறது. இவ்விரு செயல்களுக்கும் இடையில்தான் அன்றைய இந்தியக் கொள்கை ஊசலாடிக்கொண்டிருந்தது. அந்த ஊசல் 1987இல் ஒரு பக்கமாக அறுந்து விழுந்ததன் விளைவுகளே இக்கட்டுரையின் பொருள்.

1983 ஜூலையில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர்மீது நிகழ்ந்த வன்கொடுமைக்குப் பின், இந்தியா இலங்கைச் சிக்கலில் இரட்டை வேடம் பூண்டது. ஒருபுறம், ஜி. பார்த்தசாரதி போன்ற மூத்த இராஜதந்திரியை அனுப்பி இரு தரப்புக்கும் இடையே சமரசம் பேசியது. மறுபுறம், அதன் உளவுத்துறை தமிழ் இளைஞர் குழுக்களுக்குப் படைப்பயிற்சியும் ஆயுதமும் தந்தது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று சொல்வது எளிது. ஆயினும் 1987 வரை இரண்டும் சேர்ந்தே இந்தியாவுக்கு ஓர் அரிய இடத்தைத் தந்திருந்தன. கொழும்பு அரசு இந்தியாவை வெறுத்தாலும் அதனிடம் பேசியாக வேண்டியிருந்தது. போராளிகள் இந்தியாவை ஐயுற்றாலும் அதன் சொல்லைக் கேட்டாக வேண்டியிருந்தது. நடுவர் இருக்கை என்பது அதுதான். நடுவர் நடுநிலையாளராக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. இரு தரப்பும் அவர் வாயிலில் வந்து நின்றாலே போதும். அந்த வாயில் அன்று சென்னையில் இருந்தது. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 1982 மே மாதம் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டபோது அச்செய்தியைக் கேட்டு வியந்த நகரம், நான்காண்டுகளுக்குள் அத்தகைய செய்திகளுக்குப் பழகிப்போயிருந்தது.

கொழும்பு சும்மா இருக்கவில்லை. ஜனாதிபதி ஜெயவர்த்தனே இஸ்ரேலிடமிருந்தும் பாகிஸ்தானிடமிருந்தும் பயிற்சி பெற்றார். பிரித்தானியாவின் முன்னாள் படைவீரர்கள் கூலிக்கு வந்து அதிரடிப் படையைப் பழக்கினர். அமெரிக்க வானொலிக்குத் தீவில் ஒலிபரப்பு வசதி விரிவாக்கப்பட்டது. தில்லிக்கு யாழ்ப்பாணத்தின் துயரைக் காட்டிலும் இவை கூடுதல் உறுத்தலாயிருந்தன என்று கருத இடமுண்டு. 1987 மே இறுதியில் வடமராட்சியை இலங்கைப் படை தாக்கியது. ஜூன் 3 அன்று இராமேசுவரத்திலிருந்து உதவிப் பொருள்களோடு சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பியனுப்பியது. மறுநாளே ஐந்து சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலுடன் யாழ்ப்பாண வானில் பறந்து சுமார் 25 டன் உணவும் மருந்தும் போட்டன. 'பூமாலை' என்று அதற்குப் பெயர். போரில் பசியால் வாடியோர்க்கு அப்பொருள்கள் மிகச் சிறிய உதவி. ஆனால் அவை ஒரு நாட்டின் வான்வெளியை மீறி வந்தவை என்பதும், மீறலைத் தடுக்க எந்தப் பெருநாடும் கொழும்பின் துணைக்கு வரவில்லை என்பதும் பெரிய செய்திகள். அமெரிக்காவும் பிரித்தானியாவும் தென்னாசியா இந்தியாவின் முற்றம் என்பதை மறைமுகமாக ஏற்றுக்கொண்ட நாள் அது எனலாம். ஜெயவர்த்தனே அதைப் புரிந்துகொண்டார். எட்டு வாரங்களுக்குள் ஒப்பந்தம் வந்தது.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் ஒப்பமிட்ட உடன்படிக்கையில் தமிழர் தரப்பின் கையெழுத்து இல்லை. இதுவே அதன் மிகப்பெரும் புதுமையும் மிகப்பெரும் ஊனமும் ஆகும். உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட இரு தரப்புக்கும் இடையே ஏற்படவேண்டிய உடன்பாடு, இரு நாடுகளுக்கிடையேயான உடன்பாடாக உருமாறியது. வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்படும், மாகாண சபை அமையும், போராளிகள் ஆயுதங்களை ஒப்படைப்பர் என்பன அதன் உறுப்புகள். போராளிகள் ஒப்படைக்காவிட்டால் என் செய்வது? அப்பொறுப்பு இந்தியாவின் தலையில் விழுந்தது. சமரசம் பேசியவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டது போன்ற நிலை.

ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் பலர் படிப்பதில்லை; படிக்கத்தக்கவை அவையே. திருகோணமலைத் துறைமுகத்தையோ பிற துறைமுகங்களையோ இந்திய நலனுக்கு ஊறு விளைவிக்கும் வகையில் எந்த நாட்டின் படைப் பயன்பாட்டுக்கும் தருவதில்லை. அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீர்செய்வது. வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகளைப் படைக்கோ உளவுக்கோ பயன்படுத்தாமல் உறுதிசெய்வது. வெளிநாட்டுப் படைப் பயிற்சியாளர்களைப் பற்றிக் கலந்து முடிவு செய்வது. யாழ்ப்பாணத்தானின் உரிமைக்காக எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இந்துமாக்கடலின் வல்லரசுப் போட்டி முழுவதும் அடங்கியிருந்தது. அக்கடிதங்களின் பிற்கதையும் சுவையானது. எண்ணெய்க் கிடங்குகளைப் பற்றிய கூட்டு முயற்சி 2022 ஜனவரியில்தான் உடன்பாடாகக் கைகூடியது. இடையில் கடந்தவை 34 ஆண்டுகள். 'பிற துறைமுகங்கள்' என்ற சொல் இருந்தும், அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2022 ஆகஸ்டில் இந்தியாவின் மறுப்பையும் மீறிச் சீனக் கண்காணிப்புக் கப்பல் ஒன்று அங்கே நங்கூரமிட்டது.

ஒப்பந்தத்துக்கு மறுநாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது கடற்படை வீரன் ஒருவன் துப்பாக்கியின் அடிக்கட்டையால் ராஜீவைத் தாக்கினான். அன்றே இந்தியத் துருப்புகள் பலாலியில் இறங்கின. ஆகஸ்ட் 2 அன்று மெரினா கடற்கரையில் எம்.ஜி.ஆரும் ராஜீவும் ஒரே மேடையில் தோன்றினர். இரு நாள் கழித்து சுதுமலையில் பிரபாகரன் பேசினார். ஆயுதங்களை இந்தியாவிடம் ஒப்படைக்கிறோம், பாதுகாப்புப் பொறுப்பும் இனி இந்தியாவுடையதே என்பது அவ்வுரையின் சாரம். வாழ்த்தும் எச்சரிக்கையும் கலந்த அச்சொற்களைத் தில்லி சரியாகக் காதில் வாங்கவில்லை.

பின் நடந்தவை விரைந்து நடந்தன. செப்டம்பர் 15 முதல் நீரும் அருந்தாமல் நோன்பிருந்த திலீபன் 26ஆம் நாள் நல்லூரில் மாண்டார். அக்டோபர் தொடக்கத்தில் கடலில் பிடிபட்ட புலிகள் 17 பேரைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல இலங்கை அரசு முனைந்தபோது அவர்கள் சயனைட் அருந்தினர். 12 பேர் இறந்தனர். பலாலியில் இந்தியப் படையின் கண்ணெதிரே நிகழ்ந்த சாவுகள் அவை. புலிகள் கிழக்கில் சிங்களக் குடிமக்களைக் கொன்று பழிதீர்த்தனர். அக்டோபர் 10ஆம் நாள் அமைதிப் படை போர்ப்படையாயிற்று.

அக்டோபர் 11 நள்ளிரவையடுத்து யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்களிலிருந்து இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் மாண்டனர், ஒருவர் பிடிபட்டார். எதிரியின் வலிமை என்னவென்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவ்வெதிரிக்குப் பயிற்சி தந்தது தம் அரசே என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பர்? அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்த படை அன்றும் மறுநாளும் சுட்டதில் மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உள்ளிருந்து புலிகள் சுட்டனர், இடையில் அகப்பட்டோர் இறந்தனர் என்பது படையின் விளக்கம். கட்டிலில் கிடந்தவர்களுக்கும் வெள்ளைச் சீருடை அணிந்தவர்களுக்கும் அவ்விளக்கம் பொருந்தாது. நவம்பர் 25 அன்று கந்தரோடையில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் மார்பில் குண்டேந்தியும் பகைவனின் துப்பாக்கியைப் பறித்துப் போரிட்டு வீழ்ந்தார். சென்னையில் அதிகாரிப் பயிற்சி பெற்ற அவருக்கே இப்போரின் ஒரே பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது. இவ்விரு பக்கங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் படிப்பவர் இன்றும் தமிழகத்திலும் உளர், தில்லியிலும் உளர்.

படையின் எண்ணிக்கை எழுபதாயிரத்தைத் தாண்டியது. சுமார் 1,200 பேர் திரும்பி வரவில்லை. யாழ்ப்பாணம் அக்டோபர் இறுதிக்குள் வீழ்ந்தது. ஆனால் போர் காட்டுக்குள் சென்று இன்னும் இரண்டாண்டுகள் நீடித்தது.

இனி, பின்விளைவுகள். அவற்றுள் முதலாவது யாரும் எதிர்பாராத திசையில், சிங்களத் தெற்கில் எழுந்தது. வடக்கில் இந்தியப் படை காலூன்றியதால் இலங்கைப் படையின் கைகள் விடுபட்டன. அதே படையின் வருகையைத் தேச அவமானமாகக் காட்டி ஜனதா விமுக்தி பெரமுன தெற்கில் கிளர்ந்தது. 1987 ஆகஸ்டில் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே கையெறிகுண்டு வீசப்பட்டது. 1989 நவம்பரில் ரோகண விஜேவீர கொல்லப்படும்வரை, கிளர்ச்சியாளர் கையிலும் அரசின் கூலிப்படைகள் கையிலும் பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் மடிந்தனர். தமிழரின் போரைத் தணிக்கச் சென்ற படை, சிங்களரிடையே ஒரு போரை மூட்டுதற்கு வாய்ப்பாயிற்று. தமிழ் எழுத்தில் இப்பகுதி போதிய அளவு பதிவாகவில்லை என்பது வருந்தத்தக்கது. ஆற்றில் மிதந்த அப்பிள்ளைகளும் தாய்மார் பெற்றவர்களே.

இரண்டாவது, அண்டை நாடுகளின் அச்சம். 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. அதற்குக் கூலிப்படையாகச் சென்றவர்கள் உமா மகேஸ்வரனின் புளொட் இயக்கத்தினர்; அதாவது இந்திய மண்ணில் தங்கிப் பயிற்சி நடத்திய குழுக்களுள் ஒன்றைச் சேர்ந்தவர்கள். அன்றிரவே ஆக்ராவிலிருந்து பறந்த இந்தியப் படை அம்முயற்சியை முறியடித்தது. வாஷிங்டனும் லண்டனும் பாராட்டின. 1989 ஏப்ரலில் அமெரிக்காவின் 'டைம்' இதழ் இந்தியாவைப் புதிய வல்லரசாகச் சித்தரித்து அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. வன்னிக் காட்டில் கண்ணிவெடிக்குக் கால் இழந்துகொண்டிருந்த சிப்பாய்க்கு அவ்வட்டைப்படத்தைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பானோ! அதே மார்ச் மாதத்தில் நேபாளத்துடனான வணிக, போக்குவரத்து உடன்பாடுகள் காலாவதியாகி எல்லைப் பாதைகள் அடைபட்டன. கொழும்பில் படை, மாலேயில் படை, காட்மாண்டில் முற்றுகை என்று அண்டை நாடுகள் கூட்டிக் கணக்கிட்டன. சார்க் அமைப்பு இருதரப்புப் பூசல்களைப் பேசக் கூடாது என்று விதி வகுத்துக்கொண்ட அமைப்பு. ஆயினும் பேசாத பூசலே அதை முடக்கியது. 1989இல் கொழும்பில் கூடவேண்டிய உச்சி மாநாடு, இந்தியப் படை தீவில் இருக்கும்வரை நடத்துவதற்கில்லை என்று பிரேமதாசா நின்றதால் கூடவில்லை; அடுத்த மாநாடு 1990 நவம்பரில் மாலேயில்தான் நடந்தது.

பிரேமதாசா 1989 ஜனவரியில் ஜனாதிபதியானவர். ஜூன் 1 அன்று, ஜூலை இறுதிக்குள் இந்தியப் படை வெளியேற வேண்டுமென்று பகிரங்கமாக அறிவித்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பே புலிகளுடன் கொழும்பில் பேச்சைத் தொடங்கியிருந்தார். பேசச் சென்றவர் பாலசிங்கம். பெசன்ட் நகரில் குடியிருந்தவர் இப்போது கொழும்பில் அரசு விருந்தினர்! இலங்கை அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. அவ்வாயுதம் இந்தியப் படையையும், அது மாகாண சபையைக் காக்கவென்று உருவாக்கிய தமிழ்த் தேசிய இராணுவத்தையும் நோக்கித் திரும்பியது. அத்தேசிய இராணுவத்தில் சேர்க்கப்பட்டோரில் பலர் தெருவிலும் பள்ளி வழியிலும் பிடித்துச் செல்லப்பட்ட சிறுவர்கள். படை புறப்பட்டபோது அவர்களைக் காப்பார் இல்லை. யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம, 'முறிந்த பனை' நூலாசிரியர் நால்வருள் ஒருவர். எல்லாத் தரப்பின் கொலைகளையும் எழுதியவர். 1989 செப்டம்பர் 21 அன்று வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உலக அளவில் வைத்துப் பார்த்தால், அது பெரும் படைகள் வீடு திரும்பிய காலம். ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படை 1989 பிப்ரவரியில் வெளியேறியது. கம்போடியாவிலிருந்து வியட்நாம் அதே செப்டம்பரில் வெளியேறியது. அழைப்பின் பேரிலேயே வந்தோம் என்பது மூவரும் சொன்ன வாதம். ஆனால் முதலிரண்டும் ஐ.நா. சபையில் ஆண்டுதோறும் கண்டிக்கப்பட்டன, இந்தியா கண்டிக்கப்படவில்லை. கொரியாவிலும் காசாவிலும் காங்கோவிலும் ஐ.நா. கொடியின் கீழ்ப் பணிபுரிந்து ஈட்டிய நற்பெயர் ஒரு காரணம். கண்டனம் இல்லாமை இந்தியாவுக்கு நன்மையாயிற்றா என்பது ஐயத்திற்குரியது. ஆப்கானிஸ்தானுக்கு ஜெனீவாவில் உடன்பாடும் பார்வையாளரும் கால அட்டவணையும் கிடைத்தன. இலங்கையில் இந்தியப் படை தனியே போயிற்று, தனியே வந்தது. உலகத்தின் கண் அங்கே இல்லாததால், மருத்துவமனைக்கும், 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் கொல்லப்பட்ட குடிமக்களுக்கும் அனைத்துலக விசாரணை என்ற பேச்சே எழவில்லை.

1989 நவம்பர்த் தேர்தலில் ராஜீவ் ஆட்சியிழந்தார், வி.பி. சிங் படையைத் திரும்ப அழைத்தார். 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கடைசி அணி புறப்பட்டது. கப்பல் சென்னைத் துறைமுகத்தை அடைந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழரைக் கொன்றுவிட்டு வந்த படையை வரவேற்பதெப்படி என்பது அவர் நிலை. தில்லியில் அது துரோகமாகவும் தமிழகத்தில் மானமாகவும் பேசப்பட்டது. ஆணையை ஏற்றுச் சென்ற சிப்பாய்க்கும் ஆணையிட்ட அரசுக்கும் வேறுபாடு காண இரு தரப்புமே தவறின என்பதே சரியான தீர்ப்பாகலாம். அப்படையில் மதராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தனர்.

மூன்றாவது பின்விளைவு சென்னையின் வாயிலுக்கே வந்தது. 1990 ஜூன் 19 அன்று கோடம்பாக்கம் சக்காரியா காலனியில் பத்மநாபாவும் அவர் தோழர்களும் கொல்லப்பட்டனர். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர். அமைதிப் படையின் பகையே அக்கொலைக்குக் காரணம் என்பது விசாரணையிலும் நீதிமன்றத்திலும் நிறுவப்பட்டது. அந்த ஓர் இரவில் ஈழத்தமிழர் என்ற சொல்லின் பொருளே இந்நகரில் மாறிவிட்டது. 1983இல் வீட்டுத் திண்ணையையும் பள்ளிக்கூட இடத்தையும் பகிர்ந்தளித்த மக்கள், வாடகைக்கு வீடு கேட்டு வருபவரின் பேச்சில் யாழ்ப்பாண வழக்கு ஒலிக்கிறதா என்று கூர்ந்து கேட்கலாயினர். 1992 மே மாதம் இந்தியா புலிகள் இயக்கத்தைத் தடைசெய்தது. அமெரிக்கா 1997இலும், பிரித்தானியா 2001இலும், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006இலும் தடைசெய்தன. ஓர் உள்நாட்டுப் போரின் தரப்பு, அனைத்துலகப் பயங்கரவாதப் பட்டியலின் பெயராக மாறிய பாதை ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது. அகதி முகாம்கள் இருந்தன. ஒரு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. 2021இல் முகாம்களின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது.

எழுத்துலகுக்கும் ஒரு கணக்கு உண்டு. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984இல் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்தது. அன்று ஈழக் கவிதைக்குச் சென்னை இயல்பான அச்சகமாகவும் முதல் வாசகனாகவும் இருந்தது. 1980களின் இறுதியிலிருந்து அக்கவிதையின் முகவரிகள் மாறின. நார்வேயிலிருந்து 'சுவடுகள்', ஜெர்மனியிலிருந்து 'தூண்டில்' என்று சிற்றிதழ்கள் வந்தன. பாரிஸும் டொரான்டோவும் தமிழ்க் கவிதையின் ஊர்களாயின. போரும் புலம்பெயர்வும் 1987க்கு முன்பே தொடங்கியவை. ஆனால் பாக் நீரிணையின் இக்கரை அந்நியமாயிற்று என்ற உணர்வு அதன் பின்னரே எழுந்தது. ஆஸ்லோவின் இராஜதந்திரிகள் இலங்கையை எண்ணிப் பார்க்கத் தொடங்குமுன்பே ஆஸ்லோவில் தமிழ்க் கவிதை அச்சாகிக்கொண்டிருந்தது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

காலியான நடுவர் இருக்கையில் நார்வே அமர்ந்தது. 2002 பிப்ரவரியில் போர் நிறுத்த உடன்பாடு. பின்னர் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், நார்வே ஆகியவை இணைத் தலைமை நாடுகள். கடல்வழி சில மணி நேரத் தொலைவிலுள்ள இந்தியா அப்பட்டியலில் இல்லை. இருக்க விரும்பவும் இல்லை. 2009இல் போர் முடிந்தபோது இந்தியா கொழும்பின் பக்கம் நின்றது. அவ்வாண்டு மே மாதம் ஜெனீவா மனித உரிமை அவையில் இலங்கையைப் பாராட்டிய தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தது. 2012இலும் 2013இலும் இலங்கையைக் கேள்வி கேட்ட தீர்மானங்களை ஆதரித்தது. 2014இல் விலகி நின்றது. முடிவெடுக்க இயலாத வீட்டுப் பெரியவரின் தடுமாற்றம் அது. ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கை அரசியலமைப்பில் புகுந்த 13ஆவது திருத்தமும் அரைகுறையாகவே எஞ்சியது. வடக்கு கிழக்கு இணைப்பை 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013இல்தான் நடந்தது. 2018இல் அதன் காலம் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன.

அப்போர் நிறுத்தத்தையொட்டி நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் இக்கதை முடியாது. சிறுநீரக நோயால் வாடிய பாலசிங்கம், பேச்சுவார்த்தையின்போது தமிழகத்தில் தங்கிச் சிகிச்சை பெற விரும்பினார். வன்னிக்குப் போய்வர வசதியான இடமும், நோய்க்கு மருத்துவரும், பழகிய ஊரும் சென்னையே. தமிழக அரசு எதிர்த்தது, முதலமைச்சர் ஜெயலலிதா உறுதியாக இருந்தார், தில்லி அனுமதிக்கவில்லை. ராஜீவின் உயிர் பறிபோன மண்ணில் அம்மறுப்பைக் குறைகூறுவதற்கில்லை. 2002 மார்ச் இறுதியில் அவரும் மனைவியும் மாலத்தீவிலிருந்து நீர்விமானத்தில் பறந்து, கிளிநொச்சி அருகே இரணைமடுக் குளத்தில் இறங்கினர். கரையில் பிரபாகரன் காத்திருந்தார். அடுத்த மாதம் நடந்த செய்தியாளர் கூட்டத்தில் ராஜீவ் கொலையைத் துன்பியல் நிகழ்வு என்று குறிப்பிட்டு அவர்கள் மேற்கொண்டு பேச மறுத்தனர். செப்டம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப் கடற்படைத் தளத்தில் பேச்சு தொடங்கியது. பாலசிங்கம் 2006 டிசம்பர் 14 அன்று லண்டனில் காலமானார்.

அமைதிப் படையில் மாண்டவர்களுக்குக் கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டுள்ளது. 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் அங்கே மலர்வளையம் வைத்தார். கருங்கல்லில் வீரர்களின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அதை எழுப்பியது, 1989இல் அவர்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்ன இலங்கை அரசு.